ஓட்டல், விடுதித் தொழிலில் பெண்கள்: வேலை, உயர்வு, தலைமை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் உணவகங்களிலும் தங்கும் விடுதிகளிலும் வேலைக்குச் சேர நினைக்கும் பெண்களுக்காகவும், சேர்ந்து சில ஆண்டுகளாகியும் சேர்ந்த நிலையிலேயே நிற்பவர்களுக்காகவும், அவர்களை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிகளுக்காகவும் இந்தக் கேள்வி பதில்கள் எழுதப்பட்டுள்ளன. கேட்டரிங் கல்லூரி மாணவிகளும் அவர்களுடைய பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்பவையே இவற்றில் பெரும்பாலானவை.

வீட்டில் சமைப்பவர்கள் பெண்கள்; ஓட்டல் அடுப்படியில் மட்டும் ஏன் ஆண்களே நிற்கிறார்கள்?

கைப்பக்குவத்தைவிடத் தங்குமிடமே இதற்குப் பெரிய காரணம். நம் ஊர் ஓட்டல்கள் வளர்ந்த முறையை நினைத்துப் பாருங்கள். கிராமத்திலிருந்து வந்த பையன் ஓட்டல் மாடியிலேயே பாய் விரித்துப் படுப்பான். மூன்று வேளையும் அங்கேயே சாப்பிடுவான். கிளீனராகத் தொடங்கி, சப்ளையராகி, மாஸ்டரின் கையைப் பார்த்துப் பார்த்தே தொழில் பழகி, சில ஆண்டுகளில் தோசை மாஸ்டராகவோ சரக்கு மாஸ்டராகவோ ஆகிவிடுவான். விடிவதற்கு முன் அடுப்பு மூட்டும்போதும் அவன் அங்கே இருந்தான். இரவு கடை எடுத்து வைக்கும்போதும் இருந்தான். அதே ஓட்டல்களில் பெண்களும் இருந்தார்கள். பின்கட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தார்கள், காய் நறுக்கினார்கள், மாவாட்டினார்கள், பாத்திரம் தேய்த்தார்கள். பொழுது சாய்ந்ததும் நாள் கூலியை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்கள். மாஸ்டராகும் பாதை ஓட்டலில் இரவு தங்குபவர்களுக்கு மட்டுமே திறந்திருந்ததால், எத்தனை ஆண்டு வேலை பார்த்தாலும் பின்கட்டுப் பெண் பின்கட்டிலேயே இருந்தார்.

மேலை நாடுகளில் வேறொரு வழியில் இதே நிலை ஏற்பட்டது. பெரிய விடுதிகளின் சமையலறையை ராணுவத்தைப் போலப் பதவி அடுக்காகப் பிரித்த பிரெஞ்சு முறையில் பெண்களுக்கு இடம் இருக்கவில்லை. ஆனாலும் லியோன் நகரத்து யூஜெனி பிராசியே என்ற பெண்மணி, 1933-ஆம் ஆண்டிலேயே தாம் நடத்திய இரண்டு உணவகங்களுக்கும் உணவகங்களைத் தரம் பிரிக்கும் மிஷலின் வழிகாட்டியின் உச்ச மதிப்பான மூன்று நட்சத்திரங்களைப் பெற்றார். கடையும் கணக்கும் தம்முடையவையாக இருந்ததால் அந்த அடுக்கில் யாருடைய தயவுக்காகவும் அவர் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

எந்தப் பிரிவில் சேர்ந்தால் உயர்ந்த பதவிக்குப் போகலாம்?

நட்சத்திர விடுதி ஒன்றில் வேலைக்குச் சேரும் பெண்ணை, அவர் கேட்காமலேயே, ஃப்ரண்ட் ஆபீஸ் (வரவேற்பு), ஹவுஸ்கீப்பிங் (அறைப் பராமரிப்பு), மனிதவளம் ஆகிய மூன்றில் ஒன்றுக்கு அனுப்பிவிடும் வழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. இவை தாழ்ந்த பிரிவுகள் அல்ல. நூற்றுக்கணக்கான அறைகளின் தூய்மையை நிர்வகிக்கும் எக்ஸிகியூட்டிவ் ஹவுஸ்கீப்பர் மிகப் பெரிய படையை நடத்துகிறார். ஆனால் பொது மேலாளர் பதவிக்கு ஆள் தேடும்போது, வருமானத்துக்குப் பொறுப்பேற்றவர் யார், செலவைக் குறைத்துக் காட்டியவர் யார், விடுதியை இரவில் தனியாகப் பார்த்துக்கொண்டவர் யார் என்பதைத்தான் நிர்வாகம் பார்க்கிறது. உணவு மற்றும் பானப் பிரிவு, அறை விற்பனை, பேங்க்வெட் (விருந்து, விழா ஏற்பாடு), கொள்முதல் ஆகியவை அந்தப் பொறுப்புகளைத் தருகின்றன.

ஆகவே எந்தப் பிரிவில் சேர்ந்தாலும் சேரலாம். இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் வருமானமோ செலவோ உங்கள் பெயரில் எழுதப்படும் இடத்துக்கு மாற்றம் கேட்டுப் பெறுங்கள். ஹவுஸ்கீப்பிங்கில் இருப்பவர் லினன் (படுக்கை விரிப்பு, துண்டு போன்றவை), லாண்டரி, துப்புரவுப் பொருள் ஆகியவற்றின் மாதச் செலவைத் தம் பொறுப்பில் கேட்கலாம். ஃப்ரண்ட் ஆபீஸில் இருப்பவர் அறைக் கட்டணம் நாளுக்கு நாள் எப்படி ஏற்றி இறக்கப்படுகிறது என்பதைக் கற்றுக்கொண்டு அந்தப் பக்கம் நகரலாம். புன்னகைக்கும் பொறுமைக்கும் கிடைக்கும் பாராட்டுச் சான்றிதழ்கள் எத்தனை இருந்தாலும், கணக்கு கைக்கு வராமல் பதவி வருவது அரிது என்பது என் உறுதியான கருத்து.

கணக்குப் படிக்காதவர் உணவுச் செலவுக் கணக்கைக் கற்றுக்கொள்ள முடியுமா?

நிச்சயமாக முடியும். கூட்டல், கழித்தல், வகுத்தலுக்கு மேல் அதில் எதுவும் இல்லை. ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். மாதத் தொடக்கத்தில் ஸ்டோரில் இருந்த சரக்கின் மதிப்பு 80,000 ரூபாய். மாதத்தில் வாங்கியது 3,60,000 ரூபாய். மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்தபோது மிச்சம் இருந்தது 95,000 ரூபாய். அப்படியானால் செலவான சரக்கு 3,45,000 ரூபாய். அந்த மாத விற்பனை பத்து லட்சம் என்றால் உணவுச் செலவு 34.5 சதவீதம். இந்த எண் போன மாதம் 31 ஆக இருந்திருந்தால், இடையில் 35,000 ரூபாய் எங்கோ போயிருக்கிறது. விலை ஏறியதா, அளவு கூடியதா, வீணானதா, களவு போனதா என்று தேடத் தெரிந்தவரே உண்மையில் அந்தச் சமையலறையை நடத்துகிறார்.

தேடல் எப்படி இருக்கும் என்பதற்குச் சின்ன வெங்காயம் போதும். கிலோ 60 ரூபாய்க்குப் பத்துக் கிலோ வாங்கினால் பில்லில் 600 ரூபாய் இருக்கும். உரித்து முடித்து எடை போட்டால் எட்டரைக் கிலோதான் தேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது பாத்திரத்தில் விழும் வெங்காயத்தின் உண்மை விலை கிலோவுக்குச் சுமார் 70 ரூபாய் 60 காசு. மாஸ்டர் 60 என்று கணக்குப் போட்டுச் சாம்பார் விலையை நிர்ணயித்திருந்தால் ஒவ்வொரு வாளியிலும் நஷ்டம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மட்டனில் எலும்பும் கொழுப்பும், மீனில் தலையும் செதிலும், கீரையில் தண்டும் இதேபோல் கழியும். தலைமுறை தலைமுறையாக வெங்காயம் உரித்த பெண்களுக்கு இந்தக் கழிவு கண்ணளவிலேயே தெரியும். அதை எழுதி, எடை போட்டு, மேலாளர் மேசைக்குக் கொண்டு போகும் உரிமை மட்டும் அவர்களுக்குத் தரப்படவில்லை.

தொடங்குவதற்கு எளிய வழி இது. உங்கள் பிரிவின் ஐந்து பண்டங்களுக்கு மட்டும் செய்முறை அட்டை எழுதுங்கள்: பொருள், உரிப்பதற்கு முன்னும் பின்னும் எடை, விலை, ஒரு தட்டுக்கு எவ்வளவு என்பன அதில் இருக்கட்டும். மாதக் கடைசியில் ஸ்டோர் இருப்பு எண்ணும் இரவில் கூட இருக்க அனுமதி கேளுங்கள். யாரும் விரும்பிச் செய்யாத வேலை என்பதால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

இரவுப் பணியைச் சட்டம் அனுமதிக்கிறதா? பிரேக் ஷிஃப்டை எப்படிச் சமாளிப்பது?

தமிழ்நாட்டில் பத்து அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை செய்யும் கடைகளும் நிறுவனங்களும் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கலாம் என்று 2019-இல் வந்த அரசாணை, பெண்களின் எழுத்துப்பூர்வமான சம்மதத்துடனும் போதிய பாதுகாப்புடனும் மட்டுமே இரவு எட்டு மணிக்குப் பிறகு அவர்களைப் பணியில் வைக்கலாம் என்றது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த மத்தியத் தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும், சம்மதம், பாதுகாப்பு ஆகிய நிபந்தனைகளோடு பெண்களின் இரவுப் பணியை ஏற்கின்றன. சம்மதம் உங்களுடையது என்பதை மறக்க வேண்டாம். நேர்முகத் தேர்விலேயே கையெழுத்து வாங்கிவிட்டு, வண்டி வசதியைப் பற்றிப் பேச மறுக்கும் இடம் நல்ல இடம் அல்ல.

அதே நேரத்தில், இரவுப் பணியை முற்றிலும் தவிர்ப்பவருக்கு, ஒரு ஷிஃப்டில் விடுதி முழுவதையும் பார்த்துக்கொள்ளும் டூட்டி மேனேஜர் பொறுப்பு வராது. அது வராமல் அதற்கு மேல் உள்ள பதவிகளும் வருவது கடினம். இரவு இரண்டு மணிக்குக் குழாய் உடைந்தால், விருந்தினருக்கு நெஞ்சுவலி வந்தால், குடிபோதையில் தகராறு நடந்தால் யாரை அழைப்பது, எதைத் தானே முடிவு செய்வது என்ற அனுபவம் பகலில் கிடைப்பதில்லை. வாசல் வரை வந்து இறக்கிவிடும் வண்டி, இரவில் பெண்கள் ஒருவருக்கு மேல் இருக்கும்படியான பணிப்பட்டியல், பூட்டக்கூடிய ஓய்வறை ஆகிய மூன்றையும் கேட்டு வாங்கிக்கொண்டு அந்தப் பணியை ஏற்பதே நான் சொல்லும் யோசனை.

பிரேக் ஷிஃப்ட் இதைவிடச் சிக்கலானது. அதைப் பற்றிப் பேசுபவர்களும் குறைவு. காலை பதினொன்றிலிருந்து மூன்றரை வரை, பிறகு மாலை ஆறரையிலிருந்து இரவு பதினொன்று வரை என்று பணி பிரிந்திருக்கும். இடையில் உள்ள மூன்று மணி நேரத்தில் ஆண்கள் ஸ்டாஃப் குவார்ட்டர்ஸில் போய்த் தூங்குவார்கள். வீடு தொலைவில் இருக்கும் பெண் லாக்கர் அறை பெஞ்சில் காலணியைக் கழற்றிவிட்டு, கைப்பையைத் தலைக்கு வைத்துச் சுவரோரம் சாய்ந்திருப்பார். மாலைப் பணிக்கு இருவரும் ஒரே களைப்போடு வருவதில்லை. ஆனால் வேகம் குறைந்தால் கணக்கில் வருவது அந்தப் பெண்ணுடைய பெயர். நான்கு கட்டிலும் ஒரு கதவும் உள்ள அறை இதைத் தீர்த்துவிடும். நேர் ஷிஃப்ட் போட முடியாத முதலாளிகள் இதையாவது செய்ய வேண்டும்.

என்ன படிக்க வேண்டும்? படிக்காமலும் முன்னேற முடியுமா?

சென்னை தரமணியில் உள்ள மத்திய அரசின் ஓட்டல் மேலாண்மை நிறுவனம் நாட்டின் பழைய நிறுவனங்களுள் ஒன்று. திருச்சி துவாக்குடியில் மாநில அரசின் நிறுவனம் இருக்கிறது. தேசிய ஓட்டல் மேலாண்மைக் குழுமத்தின் கீழ் உள்ள பட்டப்படிப்புக்கு என்.சி.எச்.எம். ஜே.இ.இ. என்ற நுழைவுத் தேர்வு உண்டு. தனியார் கல்லூரிகளில் சேர்வதற்கு முன், தொழிற்பயிற்சிக்கு எந்த விடுதிகளுக்கு அனுப்புகிறார்கள், பயிற்சியின்போது மாணவிகளை எல்லாப் பிரிவுகளிலும் சுற்றி வர விடுகிறார்களா என்று மூத்த மாணவிகளிடமே கேட்டுக்கொள்ளுங்கள். பயிற்சிக் காலம் முழுவதும் வரவேற்பு மேசையிலேயே நிறுத்தப்படும் மாணவி பாதிப் படிப்பை இழக்கிறார்.

பட்டம் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபோஸ்டாக் பயிற்சி குறுகிய காலத்தில் முடிந்துவிடும்; இருபத்தைந்து பேருக்கு ஒரு பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் இருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம் என்பதால், அந்தச் சான்றிதழ் வைத்திருப்பவருக்கு மேற்பார்வைப் பொறுப்பைக் கேட்க ஒரு நியாயம் கிடைக்கிறது.

அண்டாவைத் தூக்க முடியாது என்பதால் பெண்களை எடுப்பதில்லை என்கிறார்களே?

ஐம்பது லிட்டர் சாம்பார் அண்டாவை ஆணும் தனியாகத் தூக்கக் கூடாது, முதுகு போய்விடும். சாய்க்கும் வசதியுள்ள கொதிகலன், சக்கரத் தள்ளுவண்டி, இரண்டு கைப்பிடிக்கு இரண்டு ஆள் என்ற விதி ஆகியவை எல்லோருக்கும் தேவையானவை. இந்தக் காரணத்தைச் சொல்லும் ஓட்டல்களிலேயே பின்கட்டுப் பெண்கள் மாவுத் தூக்குகளைச் சுமந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

வயதில் மூத்த மாஸ்டர்களை வேலை வாங்குவது எப்படி?

இருபத்தாறு வயதில், தலைமைச் சமையலருக்கு அடுத்த நிலையான சூ ஷெஃப் ஆகி வரும் பெண்ணுக்கு இதுதான் முதல் சோதனை. இருபது ஆண்டுகளாகக் கல்லின் முன் நின்றவருக்குத் தோசை வார்க்கச் சொல்லித்தர முயல வேண்டாம். அது அவருடைய இடம். அவரை ‘மாஸ்டர்’ என்றோ ‘அண்ணே’ என்றோ மரியாதையாக அழைத்து, அவரிடம் கற்க வேண்டியதை எல்லோர் முன்னிலையிலும் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். அதே வேளையில் அளவு, சுத்தம், நேரம் ஆகிய மூன்றில் விட்டுக்கொடுக்கக் கூடாது. அவற்றை வாய்ச் சொல்லாக இல்லாமல் எழுத்தில் வைத்தால் சண்டை ஆளோடு போகாமல் தாளோடு நின்றுவிடும். தவறைத் தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள். சரக்கு தீர்ந்து கூட்டம் குவியும் நேரத்தில் நீங்களும் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு அடுப்பில் நில்லுங்கள். சமையலறை மதிக்கும் தகுதி அதுதான்.

சக ஊழியரோ விருந்தினரோ அத்துமீறினால் என்ன செய்வது?

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-இல் வந்தது. பத்து அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை செய்யும் இடத்தில், புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு கட்டாயம்; அதன் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும்; உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும்; வெளியிலிருந்து ஒருவர் இடம்பெற வேண்டும். நடந்ததிலிருந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். விசாரணை தொண்ணூறு நாட்களில் முடிய வேண்டும். பத்துப் பேருக்கும் குறைவான சிறிய ஓட்டலில் வேலை செய்பவர், அல்லது முதலாளி மீதே புகார் உள்ளவர், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவை அணுகலாம். பயிற்சிக்கு வந்த மாணவி, ஒப்பந்தப் பணியாளர், தினக்கூலிப் பெண் ஆகிய அனைவரும் இந்தச் சட்டத்துக்குள் வருகிறார்கள். நிறுவனம் அனுப்பும் வண்டியும் பணியிடமாகவே கருதப்படும்.

நம் தொழிலில் பலர் அறியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். பணியிடத்துக்கு வரும் வெளியாட்களிடமிருந்தும் பெண்களைக் காப்பது முதலாளியின் கடமை என்று அதே சட்டம் சொல்கிறது. “விருந்தினர் பெரிய ஆள், கண்டுகொள்ளாதே” என்று சொல்லும் மேலாளர் கடமை தவறுகிறார். அறைக்குச் செல்லும்போது கதவைத் திறந்து வைப்பது, ஆபத்துப் பொத்தான் தருவது, குறிப்பிட்ட விருந்தினரின் அறைக்கு இருவராகச் செல்வது ஆகியவை செலவில்லாத, அல்லது மிகக் குறைந்த செலவிலான ஏற்பாடுகள்.

திருமணத்துக்கும் பிரசவத்துக்கும் பிறகு திரும்பி வர முடியுமா?

முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பளத்துடன் கூடிய மகப்பேறு விடுப்பு சட்டப்படி உண்டு. அதற்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் 80 நாட்களாவது வேலை செய்திருக்க வேண்டும். ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்களுக்கு இந்தப் பலன் ஈ.எஸ்.ஐ. வழியாகக் கிடைக்கும். ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பக வசதி வேண்டும்.

சட்டம் திரும்பி வர வழி செய்கிறது. திரும்பும் இடத்தைப் பெண்தான் உறுதிசெய்துகொள்ள வேண்டியிருக்கிறது. பேங்க்வெட்டில் இருந்தவர் விடுப்பு முடிந்து வந்ததும் “உங்களுக்கு வசதியாக இருக்கும்” என்று டெலிபோன் மேசைக்கு மாற்றப்படுவதைப் பார்க்கிறேன். அக்கறையோடு செய்யப்பட்டாலும் அந்த மாற்றம் உயர்வை நிறுத்திவிடும். இரண்டு ஆண்டுகளுக்குக் குறைந்த நேரம் வேண்டுமானால் கொள்முதல், மெனு திட்டமிடல், பயிற்சி, செலவுக் கட்டுப்பாடு போன்ற, பகலில் நடப்பவையும் அதிகாரம் உள்ளவையுமான பணிகளைக் கேளுங்கள்.

முன்மாதிரியாகச் சொல்லக்கூடிய பெண்கள் யார்?

பார்க் ஓட்டல்களின் தலைவர் பிரியா பால் 1990-இல் குடும்பத் தொழிலின் பொறுப்பேற்றவர். 2012-இல் பத்மஸ்ரீ பெற்றார். சென்னையில் ஜெமினி ஸ்டூடியோ இருந்த இடத்தில் எழுந்துள்ள விடுதி அவருடைய நிறுவனத்துடையது. கணவர் மறைந்தபின் லலித் ஓட்டல்களை நடத்தத் தொடங்கிய ஜோத்ஸ்னா சூரி, பின்னாளில் இந்தியத் தொழில் வர்த்தக சபைகளின் கூட்டமைப்பான ஃபிக்கியின் தலைவராகவும் இருந்தார். மும்பையில் பத்திரிகையாளராக இருந்து பாரிஸில் சமையல் படித்த கரிமா அரோரா, பாங்காக்கில் நடத்தும் தம் உணவகத்துக்கு 2018-இல் மிஷலின் நட்சத்திரம் பெற்று, அதைப் பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். சென்னையிலேயே தாஜ் வெலிங்டன் மியூஸ், பெண்களே நிர்வகிக்கும் விடுதியாகத் திறக்கப்பட்டது.

இவர்களுள் குடும்ப நிறுவனத்தைப் பெற்றவர்களும் தாமே தொடங்கியவர்களும் அதிகம். கமி எனப்படும் கடைநிலைச் சமையலராகவோ ரிசப்ஷனிஸ்டாகவோ சேர்ந்து, அடுக்கடுக்காக ஏறி, பெரிய விடுதியின் பொது மேலாளரான பெண்கள் இன்னும் பல மடங்கு வர வேண்டும்.

சொந்தமாகக் கடை தொடங்குவது எளிய வழியா?

எளியது அல்ல, ஆனால் தெளிவானது. பாட்ரிசியா நாராயண் 1980-களில் மெரினா கடற்கரையில் தள்ளுவண்டியில் தொடங்கினார். முதல் நாள் விற்றது ஒரே ஒரு காபி என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பிறகு அலுவலகக் கேன்டீன் ஒப்பந்தங்களை எடுத்து, உணவகங்களாக வளர்த்து, 2010-இல் ஃபிக்கியின் சிறந்த பெண் தொழில்முனைவோர் விருதைப் பெற்றார். கேன்டீன் ஒப்பந்தம் என்ற நடுப்படி கவனிக்கத்தக்கது. எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்பது முன்கூட்டியே தெரிவதால் வீணாவது குறைகிறது. முன்பணம் கொடுத்து முக்கிய வீதியில் கடை பிடிக்க வேண்டியதில்லை.

உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு அல்லது உரிமம், உள்ளாட்சியின் தொழில் உரிமம் ஆகியவை முதலில் வேண்டும். சாதாரண உணவகங்களுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது என்பதால், பாத்திரம், இயந்திரம், வாடகை மீதான வரியைச் செலவாகவே எழுதிக்கொள்ளுங்கள். முத்ரா திட்டத்தில் ‘சிசு’ கடன் 50,000 ரூபாய் வரையும் ‘கிஷோர்’ 5 லட்சம் வரையும் கிடைக்கிறது. பெண் பெயரில் கடன் வாங்கி, கல்லாவில் கணவரோ மைத்துனரோ உட்காரும் ஏற்பாட்டுக்கு ஒருபோதும் சம்மதிக்க வேண்டாம்.

அம்மா உணவகம் போன்ற இடங்களில் வேலை செய்யும் பெண்களுக்குத் தலைமைப் பாதை உண்டா?

2013 பிப்ரவரியில் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகங்களைச் சுய உதவிக் குழுப் பெண்களே நடத்துகிறார்கள். ஒரு ரூபாய் இட்லியை விடியற்காலையில் ஆயிரக்கணக்கில் அவித்து எடுத்து, வரிசையைச் சமாளித்து, மதியச் சாப்பாட்டுக்கு அடுப்பை மாற்றும் இந்தப் பெண்கள், எந்தப் பெரிய சமையலறையையும் நடத்தக்கூடியவர்கள். ஆனால் மெனு, விலை, கொள்முதல் எல்லாம் மாநகராட்சியிடம் இருக்கின்றன. அவர்களுக்கு நாள் கூலி. கேரளத்தில், அரசின் மகளிர் சுய உதவித் திட்டமான குடும்பஸ்ரீயின் உணவகங்கள் பெண்களின் சிறு தொழில் அலகுகளாகவே அமைந்ததால் வரவு செலவையும் அவர்களே பார்க்கிறார்கள். இங்கும் ஸ்டோர் கணக்கையும் காய்கறிக் கொள்முதலையும் குழுக்களிடமே கொடுத்து, மருத்துவமனை, கல்லூரி கேன்டீன் ஒப்பந்தங்களுக்கு விண்ணப்பிக்க அனுபவச் சான்று தந்தால், அந்தச் சமையலறைகளிலிருந்து நூற்றுக்கணக்கான தொழில்முனைவோர் வருவார்கள்.

ஐந்து ஆண்டுகளாக ஒரே பதவியில் இருக்கிறேன். உயர்வை எப்படிக் கேட்பது?

ஆண்டு மதிப்பீட்டுக்குக் காத்திருக்காமல், இரண்டு மாதம் முன்பே மேலாளரிடம் நேரம் கேட்டுப் பெறுங்கள். “எனக்கும் உயர்வு கொடுங்கள்” என்று பொதுவாகக் கேட்காமல் எந்தப் பதவி, எந்தப் பிரிவு என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கடந்த ஓராண்டில் உங்கள் பொறுப்பில் குறைந்த செலவு, கூடிய விற்பனை, நீங்கள் பயிற்சி கொடுத்து நிலைத்துவிட்ட ஆட்கள், தனியாகச் சமாளித்த இரவுகள் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். மறுத்தால், எந்தத் தகுதி குறைகிறது, அதை எத்தனை மாதங்களில் எட்டினால் மீண்டும் பரிசீலிப்பார்கள் என்று கேட்டு, பேசியதை அன்றே மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள். அந்தக் கெடு முடிந்தும் பதில் மாறவில்லை என்றால், அதே தாளை வேறொரு விடுதியின் நேர்முகத் தேர்வுக்கு எடுத்துச் செல்லலாம்.